காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படங்கள்

கேள்வி இது: "ஆப்பிரிக்க வம்சாவளியில் வந்து, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் பெண் இயக்குநர்களின் படங்களைப் பார்க்க ஆசை. பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன, ஆனால் குழப்பமாக இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது? பார்க்கும்போது எதைக் கவனிப்பது?"

இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். அதற்கு ஒரு காட்சியைச் சொல்கிறேன்.

1942. ஹாலிவுட்டில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். திரையில் ஒரு வெள்ளைக்கார நடிகை பாடிக்கொண்டே ஆடுகிறாள். ஒலியும் உதட்டசைவும் ஒட்டவில்லை. எடுத்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று ஸ்டுடியோ பதறுகிறது. எஸ்தர் ஜீட்டர் என்ற கறுப்பினப் பெண்ணை வரவழைக்கிறார்கள். அவள் மைக் முன்னால் நின்று, திரையில் அசையும் அந்த உதடுகளைப் பார்த்துப் பார்த்து, அவற்றுக்குப் பொருந்துகிற மாதிரி பாடுகிறாள். கூடத்தில் மிக்னான் டுப்ரீ என்ற ஸ்டுடியோ அதிகாரி இருக்கிறாள். அவளும் கறுப்பினத்தைச் சேர்ந்தவள்தான். நிறம் வெளுப்பாக இருப்பதால் எல்லோரும் அவளை வெள்ளைக்காரி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அவளும் மறுக்காமல் வேலை பார்க்கிறாள். எஸ்தர் மட்டும் அவளை அடையாளம் கண்டுகொள்கிறாள்.

ஜூலி டேஷ் 1982-இல் எடுத்த 'இல்யூஷன்ஸ்' என்ற 34 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம் இது. பின்னணிக் குரல் என்பது நமக்கு ரொம்பப் பழகிய விஷயம். ஆனால் நம் ஊரில் பாடியவர் பெயர் டைட்டிலில் வரும், ரசிகர்கள் குரலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். எஸ்தரின் குரல் திரையரங்கு முழுக்க ஒலிக்கும், அவள் யாரென்று ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. முகம் ஒருத்தியுடையது, குரல் இன்னொருத்தியுடையது, கூலியும் பெயரும் எங்கே போகின்றன என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்க சினிமாவில் கறுப்பினப் பெண்கள் இருந்த இடத்தை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அதனால் நான் சொல்லும் ஒரே யோசனை இதுதான்: காதைத் தீட்டிக்கொண்டு பாருங்கள். கதையை யார் சொல்கிறார்கள்? எந்த மொழியில் சொல்கிறார்கள்? யாரிடம் சொல்கிறார்கள்? கறுப்பினப் பெண்ணைக் கதாநாயகி ஆக்கிய படங்கள் பல உண்டு, ஆண்களும் எடுத்திருக்கிறார்கள். இந்த இயக்குநர்கள் மாற்றியது அதைவிட ஆழமான ஒன்றை. கதை சொல்லும் உரிமையை இடம் மாற்றினார்கள்.

அப்புறம், இவர்களையெல்லாம் 'புலம்பெயர்ந்தோர்' என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பாரிஸில் பிறந்த செனகல் குடும்பத்துப் பெண்ணுக்கு அது பொருந்தும். கரீபியக் கடலின் மார்ட்டினிக் தீவிலோ தென் கரோலினாவிலோ பிறந்தவருக்கு அது சரிவராது. அவருடைய முன்னோர் விலங்கு பூட்டிக் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள். இரண்டு வரலாறுகளையும் ஒரே சொல்லில் அடக்குகிறோம் என்பது நினைவிருக்கட்டும். படங்களின் தொனியே இதனால் வேறுபடும்.

ஜூலி டேஷிடமே திரும்புகிறேன், ஏனென்றால் அவருடைய 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' (1991) இந்த மொத்த விஷயத்துக்கும் நடுநாயகமான படம். அமெரிக்கத் திரையரங்குகளில் பொது வெளியீடு கண்ட, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் அதுதான். அந்த நாட்டில் சினிமா தொடங்கி ஏறத்தாழ 100 ஆண்டு ஆன பிறகு!

கதை நடப்பது 1902-இல், தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத் தீவுகளில். அங்கே வாழும் கல்லா மக்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். தீவு என்பதால் நிலப்பகுதியிலிருந்து ஒதுங்கியே இருந்தார்கள். ஆப்பிரிக்க மொழிகளின் சொற்களும் ஒலியும் கலந்த தனிப் பேச்சு அவர்களிடம் நிலைத்தது. டேஷின் தந்தை வழி அந்த மக்களைச் சேர்ந்ததுதான். படத்தில் பீசன்ட் என்ற பெரிய குடும்பம் மறுநாள் தீவை விட்டு வடக்கே குடிபெயரப் போகிறது. அதற்கு முந்தின நாள் எல்லோரும் கடற்கரையில் கூடி விருந்து சாப்பிடுகிறார்கள். கதை என்று சொன்னால் இவ்வளவுதான்.

ஆனால் சொல்வது யார் என்று பாருங்கள். இரண்டு குரல்கள். ஒன்று நானா பீசன்ட், குடும்பத்தின் மூத்த கிழவி, தீவை விட்டு வர மாட்டேன் என்கிறவள். இன்னொன்று, இன்னும் பிறக்காத ஒரு பெண் குழந்தை! யூலா என்ற மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள். அவள் பலாத்காரம் செய்யப்பட்டவள். வயிற்றில் இருப்பது தன் குழந்தைதானா என்று அவள் கணவன் ஈலை வெந்துகொண்டிருக்கிறான். அவனுடைய சந்தேகத்தைத் தீர்க்க, மூதாதையர் அந்தக் குழந்தையை முன்கூட்டியே அனுப்பி வைக்கிறார்கள். நீல ரிப்பன் கட்டிய சிறுமியாக அவள் மணலில் ஓடி வருகிறாள். பாட்டிக்கும் பிறக்காத பேத்திக்கும் நடுவில் ஒரு குலத்தின் கதை மொத்தமும் நடக்கிறது. இந்த ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

நானாவின் கைகளைக் கவனியுங்கள். விரல்களெல்லாம் நீலம். அடிமைக் காலத்தில் அவுரிச் செடியை ஊறவைத்துச் சாயம் எடுத்த தோட்டங்களில் வேலை பார்த்த கைகள். உண்மையில் அவுரிச் சாயம் அத்தனை ஆண்டுகள் தோலில் நிற்காது. டேஷுக்கும் அது தெரியும். ஆனாலும் வேண்டுமென்றே அப்படி வைத்தார். அடிமை முறையைக் காட்ட வேண்டுமென்றால் முதுகில் சாட்டைத் தழும்பு என்பதுதான் சினிமாவின் வழக்கம். அந்தத் தழும்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண் மரத்துப்போனவர்களுக்கு, கிழவி ஒருத்தியின் நீல விரல்கள் புதிதாக வலிக்கும் என்று அவர் நம்பினார். அந்த விரல்கள் ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்து துழாவும். அதில் அவள் சேர்த்து வைத்த துண்டு துணுக்குகள். அம்மாவின் தலைமுடியும் அவளிடம் இருக்கிறது. விற்கப்படுவதற்கு முன் அம்மா விட்டுச்சென்றது அவ்வளவே.

இன்னொரு காட்சி. அந்தக் கரைக்கு ஈபோ லேண்டிங் என்று பெயர். 1803-இல் ஜார்ஜியாவின் செயின்ட் சைமன்ஸ் தீவுக் கரையில் நடந்த உண்மைச் சம்பவத்திலிருந்து வந்த பெயர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட ஈபோ இன மக்கள் அடிமை வாழ்வை ஏற்க மறுத்து நீரில் இறங்கினார்கள். ஊர் சொல்லும் கதையில் அவர்கள் மூழ்கவில்லை, தண்ணீர் மேல் நடந்தே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனார்கள். படத்தில் யூலா இந்தக் கதையை வயிற்றுக் குழந்தைக்குச் சொல்கிறாள். அதே நேரம் ஈலை நீர் மேல் நடந்து போய், மிதக்கும் ஒரு மரச் சிலையைத் தொடுகிறான். அந்தக் கப்பலின் முகப்பில் இருந்த சிலை அது. பிற்பாடு பிலால் என்ற முதியவர், தான் அங்கே இருந்ததாகவும், யாரும் நீர் மேல் நடக்கவில்லை என்றும் சொல்கிறார். இரண்டையும் டேஷ் அருகருகே விட்டுவிடுகிறார். எது சரி என்று தீர்ப்புச் சொல்லவில்லை. நம் ஊர்ப் பாட்டிமார் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாகவே பிடிபடும்.

மொழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நடிகர்கள் கல்லாப் பேச்சைக் கற்றுக்கொண்டுதான் பேசினார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே முதல் அரை மணி நேரம் பாதிதான் புரியும். நான் முதல் தடவை பார்த்தபோது பாதியில் எழுந்து போய்விட்டேன். இரண்டாவது தடவை ஹெட்போன் மாட்டிக்கொண்டு, புரியாததைப் புரியாமலே விட்டுக் கேட்டேன். அப்புறம் தானாக வழிக்கு வந்தது. நீங்களும் பொறுமையாக இருங்கள்.

பணம் பொதுத் தொலைக்காட்சியின் 'அமெரிக்கன் பிளேஹவுஸ்' வழியாக வந்தது. மொத்தச் செலவு சுமார் 8 லட்சம் டாலர். 1991-இல் சன்டான்ஸ் விழாவில் ஆர்தர் ஜாஃபாவுக்கு ஒளிப்பதிவு விருது கிடைத்தது. அப்படியும் பெரிய விநியோகஸ்தர்கள் தொடவில்லை. கினோ என்ற சிறிய நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1992 ஜனவரியில் நியூயார்க்கின் ஃபிலிம் ஃபோரத்தில் வெளியானபோது அரங்கு நிறைந்த காட்சிகள், அதிலும் கறுப்பினப் பெண்கள் திரண்டு வந்தார்கள். பார்க்க ஆள் இல்லை என்று சொன்னவர்கள் அந்தப் பெண்களை ஆளாகவே எண்ணவில்லை. இத்தனைக்குப் பிறகும் டேஷுக்கு அடுத்த திரையரங்குப் படம் வாய்க்கவில்லை, பெரும்பாலும் தொலைக்காட்சிக்குத்தான் வேலை செய்தார். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. 2016-இல் பாடகி பியான்சேயின் 'லெமனேட்' என்ற இசைப் படம் வெளியானபோது, வெள்ளை நீள உடையில் பெண்கள் கூடியிருந்த காட்சிகளைப் பார்த்துப் புதிய தலைமுறை இந்தப் படத்தைத் தேடிப் போனது. அதே ஆண்டில் சீரமைத்த பிரதியும் வெளிவந்தது.

இதற்கு 20 ஆண்டு முன்னால் போகலாம். சாரா மால்டரோர். 1929-இல் பிரான்சில் பிறந்தவர், தந்தை கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்காரர். மால்டரோர் என்ற பெயரை பிரெஞ்சுக் கவிஞர் லோத்ரேயாமோனின் கவிதை நூலிலிருந்து தானே சூட்டிக்கொண்டார். பாரிஸ் மேடையில் கறுப்பின நடிகைகளுக்கு வேலைக்காரி வேடம்தான் என்றிருந்த காலத்தில், 1956-இல் நண்பர்களோடு 'லே கிரியோ' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறகு மாஸ்கோவில் சினிமா படித்தார். 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தில் உதவியாளராக இருந்தார். வாழ்க்கைத் துணை மாரியோ பிந்து த அன்ட்ராடே, அங்கோலா விடுதலை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவர்.

1972-இல் அவர் எடுத்த 'சாம்பிசாங்கா' போர்த்துகீசிய ஆட்சிக்கு எதிரான அங்கோலாவின் போராட்டத்தைப் பற்றியது. போர் நடந்துகொண்டிருந்ததால் பக்கத்து நாடான காங்கோ பிரஸாவில்லில் படம்பிடித்தார். டொமிங்கோஸ் என்ற தொழிலாளியைப் போர்த்துகீசியப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. அவன் மனைவி மரியா, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறாள். ஒரு போலீஸ் நிலையம், அடுத்த அலுவலகம், அடுத்த ஊர். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி: என் புருஷன் எங்கே? ஆண் இயக்குநர் ஒருவர் எடுத்திருந்தால் கேமரா சிறைக்குள்ளேயே இருந்திருக்கும், மரியா இரண்டு காட்சியில் அழுதுவிட்டுப் போயிருப்பாள். மால்டரோர் அந்த நடையின் முழு நீளத்தையும் காட்டுகிறார். செருப்பில்லாத கால், புழுதி, குழந்தையின் அழுகை, வழியில் தண்ணீர் கொடுக்கும் பெண்கள். மரியா ரொம்ப அழகாக இருக்கிறாள், படமும் ரொம்ப அழகாக இருக்கிறது, புரட்சிப் படம் இப்படியா இருப்பது என்று அப்போது குறை சொன்னார்கள். ஏழைப் பெண் அழகாக இருக்கக் கூடாதா என்ன? காணாமல் போனவர்களைத் தேடி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் பெண்களை நம் இலங்கைத் தமிழர் நேரிலேயே அறிவார்கள். இந்தப் படத்தை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

'சாம்பிசாங்கா' அதே ஆண்டு துனிசியாவின் கார்த்தேஜ் திரைப்பட விழாவில் தங்க டானிட் பரிசை வென்றது. மால்டரோர் 2020 ஏப்ரலில் கோவிட் தொற்றால் காலமானார். படத்தின் சீரமைக்கப்பட்ட பிரதி 2021-இல்தான் வந்தது, அவர் பார்க்கவில்லை.

மார்ட்டினிக்கின் எஸான் பால்சியை உங்களுக்குச் சட்டென்று பிடித்துவிடும். 1983-இல் எடுத்த 'ஷுகர் கேன் ஆலி' ஜோசப் ஜோபலின் நாவலிலிருந்து வந்தது. 1930-களில் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் ஒரு பையனும் அவன் பாட்டியும். மற்ற பிள்ளைகள் கரும்புக் காட்டுக்குக் கூலிக்குப் போகும்போது இவள் பேரனை அனுப்ப மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பள்ளிக் கட்டணத்துக்காக ஊரை விட்டு நகரத்துக்குப் போய்த் துணி வெளுக்கிறாள். பைப் புகைப்பாள், திட்டுவாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த வேடத்தில் நடித்த டார்லிங் லெஜிடிமஸுக்கு வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. அப்போது அவர் எழுபது வயதைத் தாண்டியிருந்தார். படத்துக்கும் வெள்ளிச் சிங்கம் கிடைத்தது.

பால்சி அதோடு நிற்கவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறியைப் பற்றிப் படம் எடுக்க, அடையாளத்தை மறைத்து, கறுப்பின மக்கள் வாழும் சொவேட்டோ பகுதிக்குப் போய் மக்களிடம் பேசி வந்தார். அதன் விளைவு 'எ டிரை ஒயிட் சீசன்' (1989). பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோ ஒன்றுக்காகப் படம் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். நடிப்பதையே விட்டிருந்த மார்லன் பிராண்டோ இவருக்காகத் திரும்பி வந்தார், ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். பால்சிக்கு 2022-இல் கௌரவ ஆஸ்கர் வழங்கினார்கள்.

கியூபாவின் சாரா கோமெஸ் 'தெ சியெர்த்தா மனேரா' படத்தை முடிக்கும் முன்பே 1974-இல், 31 வயதில், ஆஸ்துமாவில் இறந்துபோனார். நண்பர்கள் முடித்துக் கொடுத்தார்கள். நியூயார்க்கில் கேத்லீன் காலின்ஸ் 1982-இல் எடுத்த 'லூசிங் கிரவுண்ட்', தத்துவப் பேராசிரியை ஒருத்தியின் மனதுக்குள் போகும் படம். திரையரங்கு கிடைக்கவில்லை. 1988-இல், 46 வயதில், காலின்ஸ் புற்றுநோயால் போய்விட்டார். பல ஆண்டு கழித்து அவர் மகள் நைனா, நெகட்டிவை மீட்டுச் சீரமைத்தார். 2015-இல்தான் நியூயார்க்கில் முறையாகத் திரையிட்டார்கள், எடுத்து 33 ஆண்டு ஆன பிறகு. அம்மாவின் குரலை மகள் காப்பாற்றிய கதை, நானாவின் தகரப் பெட்டியை நினைவூட்டுகிறது.

காப்பாற்ற எதுவுமே மிஞ்சாதபோது என்ன செய்வது? லைபீரியாவில் பிறந்து ஃபிலடெல்பியாவில் வளர்ந்த ஷெரில் டன்யே 'தி வாட்டர்மெலன் வுமன்' (1996) படத்தில் ஒரு வழி கண்டார். வீடியோ கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண், பழைய படங்களில் வேலைக்காரியாக வந்துபோகும் நடிகை ஒருத்தியைத் தேடுகிறாள். டைட்டிலில் அந்த நடிகைக்குப் பெயர் இல்லை, 'தர்பூசணிக்காரி' என்றுதான் போட்டிருக்கிறது. படம் நெடுகப் பழைய புகைப்படங்கள், பேட்டிகள், துண்டுப் படங்கள். எல்லாமே டன்யேவும் புகைப்படக் கலைஞர் ஜோயி லெனார்டும் புதிதாக உருவாக்கியவை. ஆவணக் காப்பகத்தில் தன்னைப் போன்றவர்கள் இல்லாததால், காப்பகத்தையே செய்துகொண்டார். எஸ்தர் ஜீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய படம் இது.

இன்றைய படங்களுக்கு வந்தால், ஆலிஸ் தியோப்பின் 'செயிண்ட் ஓமர்' (2022) என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. 2013-இல் பிரான்சில் செனகலைச் சேர்ந்த ஒரு தாய், 15 மாதக் குழந்தையைக் கடற்கரையில் அலை வரும் இடத்தில் விட்டுச் சென்றார். 2016-இல் வழக்கு நடந்தபோது தியோப் நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். படத்தின் பெரும்பகுதி நீதிமன்றப் பேச்சுதான், நிஜ விசாரணையில் பேசப்பட்டவற்றை அடிப்படையாகக் கொண்டது. குற்றம் சாட்டப்பட்டவள் நிற்கிறாள், பேசுகிறாள், கேமரா நகராமல் நிமிடக்கணக்கில் கேட்கிறது. அவளுடைய பிரெஞ்சு அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அதுவே அங்கிருப்பவர்களுக்கு உறுத்துகிறது. ஆப்பிரிக்கப் பெண் விட்கன்ஸ்டைன் என்ற ஐரோப்பியத் தத்துவ அறிஞரைப் பற்றி ஆய்வு செய்ய வேண்டுமா, தன் பண்பாட்டுக்கு நெருக்கமாக எதையாவது எடுத்திருக்கக் கூடாதா என்று சாட்சிக் கூண்டில் அவளுடைய பேராசிரியை சொல்கிறார். குரலை உயர்த்தாமல், நல்லெண்ணத்தோடு சொல்வதுபோலவே சொல்கிறார். எனக்கு ரத்தம் கொதித்தது. பார்வையாளர் வரிசையில் ரமா என்ற எழுத்தாளர், கர்ப்பிணி, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் வழக்கறிஞர் நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார்: தாயின் செல்கள் குழந்தைக்குள்ளும், குழந்தையின் செல்கள் தாய்க்குள்ளும் தங்கிவிடுகின்றன என்று.

பாரிஸில் பிறந்த மாட்டி தியோப்பின் 'அட்லாண்டிக்ஸ்' (2019) கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் இயக்குநரின் படம், கிராண்ட் பிரியும் வென்றது. செனகலின் தலைநகர் டகாரில் கூலி கிடைக்காத இளைஞர்கள் படகேறிக் கடலில் போகிறார்கள். பிறகு இரவுகளில், அவர்கள் பின்னால் விட்டுச்சென்ற பெண்களின் வாய்வழியே வந்து, முதலாளியிடம் பாக்கிச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். சாமியாடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. 2024-இல் பெர்லின் விழாவில் தங்கக் கரடி வென்ற இவருடைய 'தஹோமி'யில், பாரிஸ் அருங்காட்சியகத்திலிருந்து பெனினுக்குத் திரும்பும் 26 கலைப்பொருள்களில் ஒன்று பேசுகிறது. மன்னர் கெசோவின் சிலை, ஃபோன் மொழியில், பெட்டிக்குள் இருட்டில் இருந்தபடி.

சரி, எதிலிருந்து தொடங்குவது? முதலில் 'ஷுகர் கேன் ஆலி', வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். அடுத்து 'சாம்பிசாங்கா'. மூன்றாவதாக 'செயிண்ட் ஓமர்', ஆனால் கைக்குழந்தை உள்ளவர்கள் தனியாகப் பார்க்க வேண்டாம். அதற்குப் பிறகு 'இல்யூஷன்ஸ்', கூடவே 'வாட்டர்மெலன் வுமன்'. 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' கடைசியில் இருக்கட்டும். அதற்குள் உங்கள் காது பழகியிருக்கும். சீரமைத்த பிரதியையே தேடிப் பிடியுங்கள். பழைய பிரதிகளில் நிறம் மங்கிப்போய், நானாவின் விரல்கள் நீலமாகவே தெரியாது.